சிவப்புக் கோடு போட்ட பிள்ளை

எங்கள் வீதியில் அந்த ஐப்பசி முழுக்க மழை பெய்தது, அந்த மழைக்குள்தான் ஒரு சனிக்கிழமை காலை கிருபாண்ணை வீட்டு மாடிப்படியில், நூறு வருசத்துக்கு முந்திச் செத்துப்போன ஐவி என்ற நாலு வயதுப் பிள்ளை வெறுங்காலோடு வந்து இருந்தது, இருந்துகொண்டு தன்னுடைய சப்பாத்து எங்கே என்று கேட்டது, கிருபாண்ணையின் மனைவி தவமலரக்கா அதற்கு முதலில் பால் காய்ச்சிக் கொடுத்தார், சப்பாத்தைப் பிறகு தேடலாம் என்றார். கிழக்கு லண்டனில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற பழைய செங்கல் வீடுகளின் வீதி எங்களுடையது. அரைவாசிக்கு மேல் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஒரு வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தால் நாலாம் வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை வந்த செய்தி எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும்? நான் அடுத்த வீட்டுக்காரி, சுலோசனா, மூக்கை நுழைக்காமல் இருக்கத் தெரியாதவள் என்று வீதியில் பெயர் எடுத்தவள். முதல் போய்ப் பார்த்தவளும் நான்தான்.

பிள்ளை வந்ததற்குக் காரணம் என்னவென்று கேட்டால், எதையும் துருவிப் பார்க்கிற கிருபாண்ணையின் விடுப்புக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இங்கே பஸ் ஓட்டுகிறார், ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், இளந்தாரியாக இருந்தபோது குடிசன மதிப்பீட்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியவர், அந்தப் பெருமையை இன்றுவரை கீழே வைக்காதவர். தன் பூட்டன் யார், பூட்டனின் தகப்பன் யார் என்று தேடத் தொடங்கி, வெள்ளைக்காரன் காலத்து இலங்கைக் கணக்கெடுப்புப் புத்தகங்களை எல்லாம் கொம்பியூட்டரில் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். அவற்றில் ஊர் இருந்தது, சாதி இருந்தது, ஆண் இத்தனை பெண் இத்தனை மாடு இத்தனை என்று இருந்தது, ஒரு பெயர்கூட இருக்கவில்லை. அதே வெள்ளைக்காரன் தன்னுடைய நாட்டில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரவு யார் யார் படுத்திருந்தார்கள், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எங்கே பிறந்தார்கள் என்பதை எழுதி வாங்கி, நூறு வருசம் பூட்டி வைத்து, இப்போது பேரப்பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும் என்று திறந்து விட்டிருக்கிறான். 

"சுலோ, எங்களை எண்ணியிருக்கிறான், தங்களை எழுதியிருக்கிறான்" என்று கிருபாண்ணை என்னிடம் ஒரு நாள் மதிலுக்கு மேலால் சொன்னார். அந்த எரிச்சலோடு போய், சொந்தப் பூட்டன் கிடைக்காவிட்டால் போகட்டும், இந்த வீட்டில் முந்தி இருந்தவனையாவது பார்ப்போம் என்று தன் வீட்டு இலக்கத்தை அடித்துத் தேடினார், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுப் படிவம் வந்தது. 

அந்த ஆண்டுப் படிவத்தை வீட்டுக்காரரே தங்கள் கையால் நிரப்பியிருந்தார்கள். அதில் ஒரு கட்டம், மனைவிக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவை எத்தனை, செத்தவை எத்தனை என்று கேட்டது. எண்ணை மட்டும்தான் கேட்டது. இந்த வீட்டில் இருந்த ஹென்றி பார்லோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, கைக்குழந்தை டொரத்தியையும் எழுதிவிட்டு, இரண்டு வருசத்துக்கு முந்திச் செங்காய்ச்சலில் போன ஐவியையும் அதற்குக் கீழே எழுதி வைத்துவிட்டார். படிவத்தைச் சரிபார்க்க வந்த அதிகாரி, செத்த பிள்ளையை எப்படி எழுதலாம் என்று அந்தப் பெயருக்கு மேலால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். கிருபாண்ணை அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, "இல்லாத ஆளை எழுதக் கூடாதெண்டு தெரியாத மனுசன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார், சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கேட்கத் திரும்பியபோது பிள்ளை படியில் இருந்தது.

அதன் உடம்பில் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை சிவப்பாக ஒரு கோடு இருந்தது. சட்டைக்கு மேலே கிடந்தது, சட்டையை மாற்றினால் புதுச் சட்டைக்கு மேலே கிடந்தது, குளிக்க வார்த்தால் தோலில் கிடந்தது. தவமலரக்கா தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், கடலைமா போட்டு உரஞ்சிப் பார்த்தார், பிள்ளை கிச்சுக் கிச்சென்று சிரித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஐயர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நோவில்லையே, விட்டிடுங்கோ. எங்களிட்டையும்தான் ஒரு நூல் கிடக்கு" என்று சொல்லி, கற்கண்டு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். 

பிறகு வீதி தன் பாட்டில் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டது. கடைக்காரர் அதற்குக் குடிக்க நெல்லிக் கிரஷ் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்பில் இருத்தினார்கள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க இது மட்டும் "எனக்குப் பசிக்குது, எனக்குப் பிட்டு வேணும்" என்று நிமிர்ந்து நின்று சொல்லியது, ரீச்சர் அதைக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் ஏசினார். எங்கள் தமிழ் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்கு, கொஞ்சம் இரத்தக் குறைவு, முருங்கையிலை கொடுங்கோ என்றார். நகரசபையிலிருந்து வந்த பெண்ணுக்கு ஐவியின் பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கிருபாண்ணை காட்ட, அவர் பிறந்த ஆண்டை ஒழுங்காகக் குறித்துக்கொண்டு போனார், அடுத்த மாதம் ஐவி பார்லோவுக்கு முதியோர் இலவச பஸ் பாஸ் தபாலில் வந்து சேர்ந்தது. பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிருபாண்ணை ஓட்டுகிற பஸ்ஸில் முன் சீற்றில் இருந்து, ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு போகும்.

வீதியில் ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுப் படிவத்தைத் தேடிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவர் வீட்டிலும் ஒருவரும் வரவில்லை, எங்கள் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விக்குக் கேட்ட பதிலை மட்டும் எழுதிய ஆட்கள். "எங்கட வீட்டில இருந்தவன் படிச்சவன் போல, ஒரு பிழையும் விடேல்லை" என்று எதிர்வீட்டுப் புவனேசக்கா வாழ்நாளில் முதல் தடவையாகப் படிப்பைக் குறை சொன்னார்.

தவமலரக்கா வாங்கிக் கொடுத்த எந்தச் சப்பாத்தையும் ஐவி போடவில்லை. சிவப்பு, கறுப்பு, மினுங்கிற வெள்ளை, எதைக் காட்டினாலும் பார்த்துவிட்டு, இது என்னுடையது இல்லை, என்னுடையதில் பித்தான் இருக்கும் என்றது. அதனால் கார்த்திகைக் குளிரிலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தார். இடுப்பில் பிள்ளையோடு அவர் நடந்த நடையைப் பார்த்தவர்களுக்கு, அந்த இடுப்புக்கு அது புதுப் பழக்கமில்லை என்று தெரிந்திருக்கும். 

ஏனென்றால் அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆரணி. யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டுப் போன அந்த இடப்பெயர்வில், மழையிலும் சனநெரிசலிலும் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போன பிள்ளை கிளிநொச்சி போய்ச் சேர முதல் போய்விட்டது, ஒரு புளியமரத்தடியில் தாட்டுவிட்டு நடந்தார்கள், பிறகு அந்த மரத்தைப் போய்த் தேடியும் காணவில்லை. படம் இல்லை. பிறப்புப் பதிவு கிடந்த கந்தோர் எரிந்துபோனது. லண்டனுக்கு வந்தபோது அகதி விண்ணப்பத்தில் பிள்ளைகள் என்ற கட்டத்தில் கிருபாண்ணை இல்லை என்று எழுதினார், இல்லாத ஆளை எழுதக் கூடாது என்பது அவருடைய தொழில் பழக்கம், மலரக்கா அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து அந்தப் பெயர் அந்த வீட்டில் பேசப்பட்டதும் இல்லை. உலகத்தில் ஒரு தாளிலும் ஆரணி என்ற பெயர் இல்லை. எனக்கு இதை மலரக்கா ஒரே ஒருமுறைதான் சொன்னார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. என் வீட்டிலும் கதை இருக்கிறது, அதை இங்கே எடுக்கப் போவதில்லை.

கிருபாண்ணைக்கு ஒழுங்கு ஒழுங்குதான். பார்லோ குடும்பத்தின் வழித்தோன்றல்கள் யாராவது இருப்பார்கள் என்று, பரம்பரை தேடுகிறவர்கள் எழுதுகிற இணையப் பக்கமொன்றில், உங்கள் ஐவி எங்களிடம் இருக்கிறாள், சுகம், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதிப் போட்டார். தை மாதம் போலின் என்ற பெண்ணிடமிருந்து பதில் வந்தது. தன் பரம்பரை மரத்தில் ஐவி நாலு வயதில் இறந்ததாக இருக்கிறது, எங்கோ பிழை நடந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். பிழை ஒன்றும் இல்லை, இறந்த அதே ஐவிதான், அவளுடைய கால் அளவு தெரிந்தால் எழுதவும் என்று கிருபாண்ணை பதில் போட்டார். அடுத்த நாளே போலின் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதார். படிவத்தில் கைக்குழந்தையாக எழுதப்பட்டிருந்த டொரத்திதான் போலினின் தாய், வயது நூறு, முதியோர் இல்லத்தில் இருக்கிறார், தனக்கு முதல் ஒரு அக்கா இருந்ததாகக் கேள்விப்பட்டதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், பார்க்க வேண்டும் என்கிறார், கூட்டிக்கொண்டு போகலாமா? 

மலரக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பாக்க வரட்டும், சாப்பிட்டிட்டுப் போகட்டும். பிள்ளையை அனுப்பமாட்டன்."

"மலர், அவையின்ர பிள்ளையெல்லோ."

"அவையின்ர பிள்ளையெண்டால் நூறு வருசமா எங்கை இருந்தவை? இஞ்சை படியில வந்து இருந்தது ஆரிட்டை? என்னட்டை."

"இரத்த உறவு, மலர்."

"நீங்கள் ஒரு தரம் இல்லையெண்டு எழுதினனீங்கள். நான் வாய் திறந்தனானோ? இப்ப திறக்கிறன். இந்தப் பிள்ளையை நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

கிருபாண்ணை எழும்பி வெளியே போய், மழைக்குள் நின்று குப்பைத் தொட்டியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொரத்தி வந்தார். வீதியே வேலைக்குப் போகாமல், கோயிலுக்குப் போகாமல், வாசல்களில் நின்றது. அக்காவைப் பார்க்கத் தங்கச்சி வருகிறா என்று சின்னப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றோம், அவர்களுக்கு அது ஒரு வில்லங்கமாகவும் படவில்லை. போலின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், அதற்குள் வாடிய கத்தரிக்காய் அளவில் ஒரு மனுசி, தலையில் ஊதா நிறத் தொப்பி, மடியில் ஒரு பெட்டி. ஐவி தன் படியில் இருந்தது. டொரத்தி நாற்காலியைப் படிக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார், நிமிர்ந்து பார்த்தார், நாலு வயது அக்காவுக்கு முன்னால் நூறு வயதுத் தங்கச்சி கைகளைப் பிசைந்தார். 

"உன்னுடைய சப்பாத்தை நான்தான் போட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். "அம்மா எடுத்துத் தந்தா. உன்னிடம் கேட்காமல் போட்டுவிட்டேன்."

ஐவி யோசித்தது. "பித்தான் வைத்ததா?"

"அதுதான்."

"கிழித்துவிட்டாயா?"

"ஒன்றைக் கிழித்துவிட்டேன். மற்றதை வைத்திருக்கிறேன்." பெட்டியைத் திறந்தார். உள்ளே கை அளவில் ஒரு கறுத்தச் சப்பாத்து இருந்தது, பக்கத்தில் மூன்று பித்தான்கள், தோல் வெடித்து வறண்டு போய். ஐவி அதை வாங்கித் தன் காலில் போட்டுப் பார்த்தது. சரியாக இருந்தது. மற்றக் கால் வெறுங்காலாகவே படிகளில் இறங்கிப் போய், டொரத்தியின் மடியில் ஏறி இருந்து, "இனிமேல் கேட்டுப்போட்டு எடு" என்று தமிழில் சொன்னது. டொரத்திக்கு எப்படி விளங்கியதோ, "சரி அக்கா" என்பது போலத் தலையை ஆட்டினார்.

நான் மலரக்காவைப் பார்த்தேன், வீதி முழுக்க அவரைத்தான் பார்த்தது. அவர் மேலே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு இறங்கி வந்தார், அதற்குள் சட்டைகள், பஸ் பாஸ், ஒரு போத்தல் நெல்லிக் கிரஷ், வாழையிலையில் சுற்றிய பிட்டு. "இரவைக்குத் தலை இழுத்து விடவேணும், இல்லாட்டிச் சிக்குப்படும்" என்று போலினிடம் தமிழிலேயே சொன்னார். கார் திரும்பும் வரை நின்றார், பிறகும் நின்றார், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று நான் பொய் சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன்.

பங்குனி பிறந்த கையோடு போலினின் அழைப்பு வந்தது. டொரத்தி நித்திரையிலேயே போய்விட்டார், விடிய முதியோர் இல்லத்துத் தாதி போய்ப் பார்த்தபோது பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையையும் காணவில்லை, பித்தான் சப்பாத்தையும் காணவில்லை. கிருபாண்ணை கொம்பியூட்டரில் அந்தப் படிவத்தைத் திரும்பப் பார்த்தார், ஹென்றியின் கையெழுத்தும் இருந்தது, சிவப்புக் கோடும் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் படியில் யாரும் வந்து இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் இந்த நாட்டின் புதிய குடிசன மதிப்பீடு வந்தது. வீட்டுக்கு ஒரு படிவம், கறுப்பு மையால் நிரப்பி அனுப்ப வேண்டும், நூறு வருசத்துக்கு யாருக்கும் காட்டமாட்டோம் என்று முன்பக்கத்தில் எழுதியிருந்தது. எந்தப் படிவம் வந்தாலும் வீதியில் பாதிப் பேர் அதைக் கிருபாண்ணையிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என்னுடையதோடு போனேன். மேசையில் அடுக்கு அடுக்காகக் கிடந்தது. என்னுடையதை நொடியில் முடித்தார்: நான், என் மனுசன், இரண்டு பேர். உறையில் போட்டு ஒட்டி வைத்தார். கடைசியாகத் தன் வீட்டுப் படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினார், மலரக்காவின் பெயரை எழுதினார், எழுதிவிட்டு மூன்றாம் ஆளுக்கான கட்டத்துக்கு மேல் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். 

"இஞ்சேருங்கோ, என்ன இழுத்துக்கொண்டு இருக்கிறியள், சோறு ஆறுது" என்று மலரக்கா குசினியிலிருந்து சத்தம் வைத்தார்.

"மலர், இஞ்சை ஒருக்கா வா" என்றார். அவர் ஈரக் கையோடு வந்து நின்றார். "ஹென்றி பிழை விட்டவனெண்டு நான் சிரிச்சனான், என்ன?"

"ஓம்."

"அவன் பிழையா எழுதேல்லை."

எழுதினார். ஆரணி கிருபாகரன். மகள். பிறந்த திகதியை ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினார். கச்சேரிக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் முட்டாமல் நின்றது. எனக்கு வாய் சும்மா இருக்காதே, "கிருபாண்ணை, இல்லாத ஆளை எழுதினால் அவங்கள் வெட்டிப்போடுவாங்கள்" என்றேன்.

"வெட்டட்டும் சுலோ" என்றார். "வெட்டினாத்தானே வருவாள்."

மலரக்கா திரும்பினார். படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், நூறு வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யார் இருப்பார்களோ அவர்களை எல்லாம் பார்ப்பது போல வீட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். பிறகு கையைச் சீலையில் துடைத்துவிட்டு அவரிடமிருந்து பேனையை வாங்கி, படிவத்தின் ஓரத்தில், எதுவும் எழுதக் கூடாது என்று போட்டிருந்த வெற்றிடத்தில், சின்னச் சின்ன எழுத்தாகத் தமிழில் எழுதினார். 'பிட்டுக்குச் சீனி போட்டால்தான் சாப்பிடுவாள். இருட்டுக்குப் பயம், லைற்றை நூக்காதேங்கோ.' 

"இதை ஆங்கிலத்திலயும் எழுதிவிடுங்கோ" என்றார் கணவரிடம். "வாறவைக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மகளின் பெயரை மலரக்கா ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார், அந்த வீட்டில் அது கேட்டு எத்தனையோ காலம். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எழும்பினேன், வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன். மேசையிலிருந்த அடுக்கில் என் வீட்டுப் படிவத்தைத் தேடி எடுத்து, ஒட்டியிருந்த உறையைக் கிழித்தேன். கிருபாண்ணை பேனையை என் பக்கம் நீட்டினார். 

மூன்றாம் ஆள்: குமுதன். உறவுமுறை: தம்பி. ஊரில் கடைசிச் சண்டையில் வெள்ளைக் கொடியோடு சரணடையப் போனவர்களோடு போனவன், இரண்டு வருசமாகப் போகிறது. அதை நான் எழுதவில்லை, அதற்கு அங்கே கட்டம் இல்லை. ஓரத்தில் மட்டும், வரப்போகிற நூற்றாண்டில் என் குசினியில் சமைக்கப் போகிற யாரோ ஒருவருக்கு, ஒரு வரி எழுதி வைத்தேன்.

'சாப்பாட்டில் குறை சொல்லுவான், கோவிக்காதேங்கோ.'